மூன்று வருடம் காற்றைத் திட்டினேன்

ஆரல்வாய்மொழியில் கண் எரிகிறது என்று சொன்னால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். வைகாசி பிறந்ததும் மலை இடைவெளி வழியாக இறங்குகிற காற்று ஆவணி முடியும்வரை ஓயாது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே இந்தக் காற்றை நம்பித்தான். மாடியில் காயப்போட்ட சேலையை அடுத்த தெருவில் போய் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் 2019-இல் என் கண் எரியத் தொடங்கியபோது எல்லோரையும் போல நானும் காற்றைத்தான் சொன்னேன். மூன்று வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வருடத்தில் என்ன நடந்தது என்பதை, கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து விடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் எனக்கு இருப்பது 2014-இல் தெரிந்தது. வாசிக்கிற கண்ணாடியை மாற்றப் போன இடத்தில் கண் அழுத்தத்தையும் பார்த்தார்கள். வலது கண்ணில் 28, இடது கண்ணில் 26. பொதுவாக 10-லிருந்து 21 வரை இருக்கும் என்றார்கள். வலி இல்லை, மங்கல் இல்லை, தலைவலிகூட இல்லை. "வீட்டுல வேற யாருக்கும் இருக்கா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் அப்பா ஞாபகம் வந்தது. கடைசிப் பத்து வருடம் அப்பா சுவரைத் தடவித்தான் நடந்தார். வயதானால் அப்படித்தான் என்று நாங்கள் யாரும் அவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகவில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுதேன்.

அந்தப் பயத்தால் ஒரு நாள்கூட மருந்தைத் தவறவிட்டதில்லை. முதலில் இரவில் ஒரு சொட்டு, லட்டானோபிராஸ்ட். 2017-இல் அழுத்தம் மறுபடி ஏறியதும் டிமோலால் சேர்த்தார்கள், காலையும் மாலையும். 2019 தொடக்கத்தில் மூன்றாவது பாட்டில், டோர்சோலமைடு, அதுவும் இரண்டு வேளை. ஒரு கண்ணுக்கு ஒரு நாளைக்கு ஐந்து சொட்டு. வருடத்துக்கு 1825 சொட்டு. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது மிகவும் பிந்தித்தான்.

அந்த வருடம் காற்று தொடங்கும்போதே கண்ணும் எரியத் தொடங்கியது. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தல். காலையில் இமை ஒட்டிக்கொண்டு பிரியாது. போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் முகம் கலங்கலாகத் தெரியும். நாலைந்து தடவை கண்ணைச் சிமிட்டினால் தெளியும், பிறகு மறுபடி கலங்கும். கண்ணீர் வேறு தானாக வழியும். இவ்வளவு தண்ணீர் வருகிறதே, இதைப் போய் எப்படிக் கண் வறட்சி என்பது என்று நினைத்தேன். உறுத்தல் தாங்காமல் கண் வரவழைக்கிற தண்ணீர் அது என்றும், அது கண்ணின் மேல் நிற்காமல் வழிந்து போய்விடும் என்றும் எனக்கு அப்போது தெரியாது.

சிவப்புதான் இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை. "என்ன டீச்சர், கண்ணு இப்படி செவந்து கெடக்கு, மெட்ராஸ் ஐ-யா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு தடவை பஸ் வடசேரி போய்ச் சேர்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸில் கூலிங்கிளாஸைக் கழற்றுவதில்லை.

நானாகச் செய்த வைத்தியம் கொஞ்சமா? தோவாளையில் பூ வியாபாரம் பார்க்கிற அண்ணன் வீட்டிலிருந்து மைனி நந்தியாவட்டைப் பூ கொண்டுவந்து தருவாள். குளிர்ச்சி என்று தண்ணீரில் நனைத்து மூடிய இமைமேல் வைத்துக்கொள்வேன். வைத்திருக்கும்வரை சுகமாக இருக்கும். ரோஸ் வாட்டரும் விட்டுப் பார்த்தேன், அது இன்னும் எரிந்தது. மெடிக்கலில் சிவப்பைப் போக்கும் சொட்டு என்று ஒன்று கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கண் வெள்ளையாக இருக்கும், அப்புறம் முன்னைவிடச் சிவக்கும். கடைசியில் செயற்கைக் கண்ணீர் என்று விற்பதை வாங்கி நாளைக்கு ஆறு தடவை விட்டேன். எரிச்சலை அடக்க வாங்கிய அந்த இரண்டு பாட்டிலிலும், எரிச்சலைக் கொண்டுவந்த அதே பொருள் இருந்தது. அட்டையில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தும் நான் படிக்கவில்லை.

நடுவில் செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். "மருந்து போட்டா கொஞ்சம் எரியத்தான் செய்யும்மா, அழுத்தம் நல்லா குறைஞ்சிருக்கு, விட்டுராதீங்க" என்பார்கள். வெளியே ஐம்பது பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். நானும் எழுந்து வந்துவிடுவேன்.

2022 ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். ஆடி மாதம் பிறந்தபோது எனக்கு ஒரே நினைப்பு: போட்டோவில் இந்தச் சிவந்த கண்ணோடு நிற்கக் கூடாது. யாரிடமும் சொல்லாமல் மூன்று பாட்டிலையும் நிறுத்தினேன். கல்யாணம் முடியும்வரைதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்து நாளில் எரிச்சல் குறைந்தது. மூன்று வாரத்தில் கண் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரர்கூட, "இப்பதான் பழைய ஆளா இருக்கா" என்றார். ஏழு வாரம் ஒரு சொட்டுகூட விடவில்லை.

அந்த ஏழு வாரமும் ஆடிக்காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் தோவாளைக்கும் நாகர்கோவிலுக்கும் பத்திரிகை கொடுக்க நான் அலைந்ததும் அதே காற்றில்தான். காற்று நிற்காமலே கண் தெளிந்தது என்றால் எரிச்சலுக்குக் காரணம் காற்று இல்லை. ஒரு சோதனையில் எதை மாற்றினோம், எதை மாற்றாமல் வைத்தோம் என்று பார்க்கச் சொல்லி எத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். என் கண்ணில் அந்தச் சோதனை நடந்து முடிந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் திருநெல்வேலியில் வேறொரு டாக்டரிடம் போனேன். அழுத்தம் வலதில் 29, இடதில் 27. பார்வைப் பரப்பைப் பார்க்கும் பரிசோதனையில் இடது கண்ணில், மூக்குப் பக்கம் மேல் மூலையில், முன்பு இல்லாத ஒரு கருப்புத் திட்டு இருந்தது. அந்த டாக்டரம்மா பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கிளாக்கோமாவில் பார்வை நரம்பு போன இடம் போனதுதான், எந்த மருந்தாலும் ஆபரேஷனாலும் திரும்பாது. ஏழு வாரத்தில்தான் வந்ததா, முன்பே மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அப்பாவைப் பார்த்த பிறகும் நான் மருந்தை நிறுத்தியிருக்கிறேனே என்ற எண்ணம்தான் மனதில் நின்றது.

மருந்தை ஏன் நிறுத்தினேன் என்று அவர் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. எரிச்சலைப் பற்றி முழுக்கச் சொல்லச் சொன்னார். மருந்தை மறுபடி தொடங்கி, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி, அப்போது கண்ணின் மேற்பரப்பைச் சோதித்தார். இமைக்குள் ஒரு தாள் பட்டையை மடித்து வைத்து ஐந்து நிமிடம் விட்டார். கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று பார்ப்பதற்கு. பத்துக்கு மேல் ஊற வேண்டும், எனக்கு நாலு. அப்புறம் மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். தோல் உரிந்த இடத்தில் அந்தச் சாயம் ஒட்டிப் பச்சையாக ஒளிரும். படத்தை எனக்கும் காட்டினார். கருவிழியின் கீழ்ப்பாதி முழுக்கப் புள்ளி புள்ளியாக, ஊசியால் குத்தியதுபோல இருந்தது.

"டீச்சர், இது காத்து இல்ல. பாட்டில்ல இருக்கிற பிரிசர்வேட்டிவ்" என்றார்.

அதன் பெயர் பென்சால்கோனியம் குளோரைடு. கண் டாக்டர்கள் சுருக்கமாக பி.ஏ.கே. என்பார்கள். கண் மருந்துகளில் மிக அதிகமாகச் சேர்க்கப்படும் கிருமிக்கொல்லி இதுதான். அடிப்படையில் இது ஒரு சோப்பு வகை. நேர் மின்னூட்டம் உள்ள மூலக்கூறு என்பதால் கிருமியின் மேலுறையில் ஒட்டி அதை உடைக்கும். ஆனால் கிருமியின் உறை எது, நம் கருவிழியின் செல்லுறை எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே மிளகுப்பொடி தூவி, நடுவில் சோப்புத் தொட்ட விரலை வைத்தால் பொடி முழுக்கச் சிதறி ஓரத்துக்கு ஓடும். மீன் பொரித்த சட்டியில் மிதக்கும் எண்ணெயில் பாத்திர சோப்பு விட்டாலும் அப்படித்தான், எண்ணெய்ப் படலம் உடைந்து போகும். நம் கண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை. கண்ணோடு ஒட்டியிருப்பது வழவழப்பான சளிப்படலம், அதோடு கலந்து தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெய்தான் தண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. பி.ஏ.கே. முதலில் அந்த எண்ணெய்ப் படலத்தைக் கலைக்கிறது. சளியைச் சுரக்கும் செல்களையும் அழிக்கிறது. கருவிழியின் மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. ஒரு சொட்டில் இருப்பது மிகக் கொஞ்சம்தான்: பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், 0.004 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதம்வரை. நான் இரவில் விட்ட லட்டானோபிராஸ்டில் 0.02. கண்வலிக்கு ஒரு வாரம் விடுகிற மருந்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கிளாக்கோமா மருந்து ஆயுள் முழுக்க விடுவது. ஒவ்வொரு சொட்டிலும் வருவது கண்ணின் திசுக்களில் சில நாள் தங்கும், அது போவதற்குள் அடுத்த சொட்டு வந்துவிடும். பாட்டிலின் எண்ணிக்கை கூடக் கூடப் பாதிப்பும் கூடும். கிளாக்கோமாவுக்கு மருந்து விடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கண்ணின் மேற்பரப்பில் இந்த மாதிரித் தொல்லை இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இவ்வளவு பேருக்கு இருக்கிற தொல்லையை, "கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவது சரியில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எரிச்சலோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. பல வருடம் பி.ஏ.கே. பட்ட கண்ணில், வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய படலம் உள்ளுக்குள் அழற்சியோடே இருக்கும். நாளைக்கு அழுத்தத்தைக் குறைக்க ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தால், தண்ணீர் வடிவதற்குத் திறந்துவிடும் வழி அந்தக் கண்ணில் தழும்பு விழுந்து சீக்கிரம் அடைபட வாய்ப்பு அதிகம். இதைக் கேட்டபோதுதான், சிவப்பைப் பொறுத்துக்கொள்வது பெருமை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

சரி, இவ்வளவு கெடுதல் என்றால் அதை ஏன் சேர்க்கிறார்கள்? நானும் கோபமாகத்தான் கேட்டேன். ஒரு பாட்டிலைத் திறந்து நாலு வாரம் வைத்துக்கொள்கிறோம். தினமும் அதன் முனை இமையில் படுகிறது, விரலில் படுகிறது. கிருமிக்கொல்லி இல்லாவிட்டால் உள்ளே கிருமி வளர்ந்து நேராகக் கண்ணுக்குள் போகும். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு அடுத்த வருடமே உதாரணம் வந்தது. அமெரிக்காவில் ஒரு கொடிய கிருமித்தொற்று பரவிய செய்தி 2023-இல் வந்தது. நம் தமிழ்நாட்டில் தயாரான, பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் பாட்டிலோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று, 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, பிரிசர்வேட்டிவ் இல்லாதது என்றால் முழுக்க நல்லது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அப்படிப்பட்ட மருந்தை எப்படி அடைத்திருக்கிறார்கள், நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முறையாக அடைத்து வருபவை இரண்டு விதம். ஒன்று, ஒரு வேளைக்கான சின்னக் குப்பி. முனையைத் திருகி, விட்டு, எறிந்துவிட வேண்டும். இன்னொன்று, சொட்டு வெளியே போகும், காற்றும் கிருமியும் உள்ளே திரும்ப முடியாது என்கிற மாதிரி வால்வு வைத்த பாட்டில். இவை தவிர, பி.ஏ.கே.க்குப் பதில் கண்ணை அவ்வளவு வதைக்காத வேறு பிரிசர்வேட்டிவ் சேர்த்தவையும் உண்டு. சின்னக் குப்பியில் பாதி மிஞ்சும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று மீதியை ராத்திரிக்கு மூடி வைக்க எனக்குக் கை நீண்டது. "கண்டிப்பா வைக்காதீங்க, கெடாம பாத்துக்க அதுல ஒண்ணுமே இல்ல" என்று டாக்டரம்மா சொன்னதை நினைத்து எறிந்தேன்.

எனக்கு மருந்தை மாற்றியது ஒரே நாளில் இல்லை. முதலில் டிமோலாலும் டோர்சோலமைடும் சேர்ந்த, பிரிசர்வேட்டிவ் இல்லாத ஒரே மருந்து. இரவுச் சொட்டும் பி.ஏ.கே. இல்லாததாக மாறியது. ஐந்து சொட்டு மூன்றானது. கண்ணழுத்தத்தைக் குறைப்பதில் இவை பழையவற்றுக்கு ஏறக்குறைய சமம்தான் என்று சொல்லியே கொடுத்தார். 2023-இல் இரண்டு கண்ணுக்கும் எஸ்.எல்.டி. லேசர் செய்தார்கள். கண்ணுக்குள் தண்ணீர் வடிகிற சல்லடையில் லேசரால் தொட்டு வடிகாலைச் சீராக்குவது. கண்ணுக்கு ஐந்து பத்து நிமிடம்தான், அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2019-இல் வெளியானது. புதிதாக நோய் தெரிந்தவர்களுக்கு முதலிலேயே இந்த லேசரைச் செய்ததில், நாலில் மூன்று பேருக்கு மூன்று வருடம்வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. எனக்கு அந்த அளவுக்கு இல்லை, நரம்பு பாதித்திருப்பதால் அழுத்தத்தை இன்னும் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் டோர்சோலமைடு போயிற்று. இப்போது காலையில் ஒரு சொட்டு, இரவில் ஒரு சொட்டு. லேசரைப் பற்றி 2014-இலேயே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்க எனக்குத் தெரியவில்லை. நோய் புதிதாகத் தெரிந்தவர்கள் கேளுங்கள்.

செலவைச் சொல்லாமல் விடக் கூடாது. என் இரவுச் சொட்டுக்குப் பழையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. பென்ஷன் வருவதால் சமாளிக்கிறேன். முடியாதவர்கள் எல்லா பாட்டிலையும் மாற்ற முடியாவிட்டாலும், இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்ததற்கு மாற்ற முடியுமா, பி.ஏ.கே. குறைவாக உள்ள கம்பெனி மருந்து உண்டா என்று கேட்கலாம். ஒரு சொட்டு குறைந்தாலும் கண்ணுக்கு லாபம்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எரிகிற எல்லாவற்றுக்கும் பி.ஏ.கே. காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். டோர்சோலமைடு கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, விட்டவுடன் எரிவது அதன் இயல்பு. பிரிமோனிடின் என்ற மருந்து மாதக்கணக்கில் ஒத்துக்கொண்டுவிட்டு அப்புறம் அலர்ஜி காட்டும். லட்டானோபிராஸ்ட் வகை மருந்து தானாகவே கொஞ்சம் சிவக்க வைக்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கண் வறட்சி சாதாரணமாகவே அதிகம். எங்கள் ஊர்க் காற்றுக்கும் பங்கு இல்லாமல் இல்லை. எது என்று டாக்டர்தான் சாயம் தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியும். "எரிகிறது" என்பதோடு நிறுத்தாமல், எந்த பாட்டில், விட்டவுடனா நாள் முழுக்கவா, எத்தனை மாதமாக என்று எழுதிக் கொண்டு போங்கள். "என் மருந்தில் பி.ஏ.கே. இருக்கிறதா, இல்லாதது கிடைக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் வரும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். எரிச்சல் ஆறும். என் இடது கண்ணின் மேல் மூலை திரும்ப வராது.

மருந்து விடுவதையே நான் தப்பாகத்தான் செய்துகொண்டிருந்தேன். டாக்டரம்மா தன் முன்னால் விட்டுக் காட்டச் சொன்னார். கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுப் படபடவென்று சிமிட்டினேன். கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீரே சுமார் 7 மைக்ரோலிட்டர்தான், பாட்டிலிலிருந்து விழுகிற ஒரு சொட்டு 30-லிருந்து 50. இரண்டாவது சொட்டு முழுக்கக் கன்னத்துக்குப் போகிறது, பிரிசர்வேட்டிவ் மட்டும் இரண்டு மடங்கு படுகிறது. இப்போது கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. அப்புறம் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம். அப்படி அழுத்தினால் மருந்து மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போவதும் குறையும். டிமோலால் விடுகிறவர்களுக்கு இது முக்கியம், அது நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிரிசர்வேட்டிவ் இல்லாத டிமோலாலும் டிமோலால்தான். இமையில் வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கிறேன். லட்டானோபிராஸ்ட் தங்கினால் தோல் கறுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மருந்து விடுவதானால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முதலாவதை இரண்டாவது கழுவிவிடும். செயற்கைக் கண்ணீரை எல்லாவற்றுக்கும் கடைசியில் விடுகிறேன், அதுவும் பிரிசர்வேட்டிவ் இல்லாத குப்பியில் வருவது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைக்கிறேன். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடாமல் இருக்க அது உதவுகிறது.

ஃபிரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. லட்டானோபிராஸ்ட் பலவற்றைத் திறக்கும்வரை 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஆடிக்காற்றில் மரம் விழுந்து எங்கள் பக்கம் அடிக்கடி கரண்ட் போகும். அதனால் ஒரே நேரத்தில் நாலு மாதத்துக்கு வாங்கி அடுக்குவதில்லை. ஃபிரீசரில் வைக்கவே கூடாது.

மெடிக்கலில் நடந்த ஒன்று பலருக்கும் உதவும். போன வருடம் என் இரவுச் சொட்டு இருப்பு இல்லை என்று சொல்லி, "மருந்து அதேதான் டீச்சர், கம்பெனிதான் வேற" என்று இன்னொன்றைத் தந்தார்கள். மருந்தின் பெயர் அதேதான். வாங்கி வந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் பழைய மணல் திரும்பியது. செல்போனில் அட்டையைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கடைசி வரியில் பென்சால்கோனியம் குளோரைடு 0.02 சதவீதம். அவர் பொய் சொல்லவில்லை, மருந்து அதேதான். ஆனால் கூட என்ன இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அப்போதிருந்து அட்டையைப் படம் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. அந்தக் கடைக்காரரும் இப்போது என்னைப் பார்த்ததும் அட்டையைத் திருப்பித்தான் நீட்டுகிறார்.

கண் ஆறுவதற்குப் பொறுமை வேண்டும். மாற்றிய மறுநாளே சரியாகும் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன். உறுத்தல் குறைய இரண்டு மாதம், புள்ளிகள் மறைய ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. தாள் பட்டையில் நாலாக இருந்தது இப்போது ஒன்பது. அழுத்தம் 14, 15. இடது கண்ணின் திட்டு அப்படியே நிற்கிறது, வளரவில்லை. ஸ்கூட்டரில் போனால் பக்கமும் மூடிய கண்ணாடி போடுகிறேன்.

அண்ணனைக் கண் பார்க்கக் கூட்டிப் போக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. "எனக்கு நல்லா தெரியுதுலா, எதுக்காக்கும்?" என்பான். விடிவதற்கு முன் பூச்சந்தைக்குப் போய்விட்டு வந்து தூங்குகிறவனை எழுப்பிக் கூட்டிப்போக மைனிக்கும் மனசு வராது. இந்தச் சித்திரையில் ஒரு வழியாகச் சம்மதித்தான். அழுத்தம் 25, இரண்டு கண்ணிலும். நரம்பு இன்னும் நன்றாக இருக்கிறது. இரவில் ஒரு சொட்டு எழுதிக் கொடுத்தார்கள், லேசரைப் பற்றியும் அடுத்த தடவை பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெடிக்கல் வாசலில் மைனி அந்த அட்டையை வாங்கி, முந்தானையால் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீ சொன்ன அந்தப் பேரு இதுல இல்லலா?"

நானும் வாசித்தேன். இல்லை.